புழக்கடையில் கண்ட கிரகம்

நவக்கிரக சந்நிதியை வலம் வருவோர் ஒன்பது திருமேனிகளை வணங்குகின்றனர். அவ்வொன்பதில் இராகுவும் கேதுவும் நிழற்கிரகங்கள். ஞாயிறும் திங்களும் தம் ஒளியால் தனித்து நிற்பவை. எஞ்சிய ஐந்தே இன்றைய வானநூலார் கோள் என்று வழங்கும் பொருளில் கிரகங்களாம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய இவ்வைந்தையும் பாபிலோனியர் அறிந்திருந்தனர். கிரேக்கரும் சீனரும் அறிந்திருந்தனர். நம் முன்னோரும் அறிந்திருந்தனர். கிழமைகளுக்கு இவற்றின் பெயரையே இட்டு வழங்குகின்றோம். இவற்றுள் சனிபகவான் மந்தன் எனப் பெயர் பெற்றவர். ஒரு சுற்றுச் சுற்றிவர அவருக்கு 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவரே வானவீதியின் எல்லைக்கல். மனிதன் வரலாறு எழுதத் தொடங்கிய நாள் முதல் 1781ஆம் ஆண்டு வரை, இப்பட்டியலில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தவர் எவரும் இலர்.

அந்த எல்லைக்கல் பெயர்க்கப்பட்டது எந்த அரசாங்க வானாய்வுக் கூடத்திலும் அன்று. ஒரு சிறு நகரத்துத் தெருவில், வரிசை வீடுகளுள் ஒன்றின் புழக்கடையில் அது நிகழ்ந்தது. பெயர்த்தவர் சம்பளம் பெறும் வானநூற் புலவரும் அல்லர். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த ஒரு சங்கீத ஆசிரியர்.

இங்கிலாந்தின் மேற்கே பாத் என்றொரு நகரம் உண்டு. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் போனது. சாரல் காலத்தில் குற்றாலத்திற்குக் கூட்டம் கூடுவது போல, 18ஆம் நூற்றாண்டில் அங்கே பிரபுக்களும் சீமாட்டிகளும் நீராடவும் பொழுது போக்கவும் வந்து குழுமுவர். பொழுது போக்குவதற்குச் சங்கீதம் வேண்டுமன்றோ? அதனை அளித்து வாழ்ந்தவர்களுள் ஒருவர் வில்லியம் ஹெர்ஷல்.

அவர் ஆங்கிலேயர் அல்லர். ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் ஐசக் படைப்பிரிவின் வாத்தியக் குழுவில் ஓபோ வாசித்தவர். நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் குழல் அது. மைந்தரும் சிறு வயதிலேயே அக்குழுவில் சேர்ந்தார். 1757இல் ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் அப்படை பிரெஞ்சுக்காரரிடம் தோற்றது. அவ்வாண்டே ஹெர்ஷல் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 19. ஹானோவருக்கும் இங்கிலாந்துக்கும் அரசர் ஒருவரே, மொழிதான் வேறு. கையில் பொருளில்லை. இலண்டனில் பிறர் இயற்றிய இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பிறகு வடக்கே சென்று ஊர் ஊராகக் கச்சேரியும் பாடமுமாகக் காலந் தள்ளினார். 1766இல் பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார். பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடி வந்து, வந்த ஊரின் மொழியைப் பயின்று, அவ்வூராரின் நன்மதிப்பைப் பெற இத்தனை ஆண்டுகள் ஆயின. இதன் அருமையை நம் காலனியில் எவருக்கும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாத் நகரில் அவருக்கு வருமானம் நன்றாகவே இருந்தது. வாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பாடங்கள், மாலையில் கச்சேரி, ஞாயிறுதோறும் தேவாலயப் பணி. சிம்பொனி எனப்படும் பல்லியக் கோவைகள் 24 இயற்றியவர் அவர். ஆயினும் அவருடைய மனம் சங்கீதத்தின் கணக்கிலே ஈடுபட்டது. சுரங்களின் விகிதங்களை அறிய ராபர்ட் ஸ்மித் என்னும் பேராசிரியர் எழுதிய இசைநூலைக் கற்றார். அதே ஆசிரியர் ஒளியைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருந்தார், அதையும் வாங்கினார். அந்நூலில் தொலைநோக்கி செய்யும் முறை விளக்கப்பட்டிருந்தது. 1773இல் பெர்குசனின் வானநூலும் கைக்கு வந்தது. நாள் முழுதும் பாடம் சொல்லிக் களைத்த மனிதர், இரவில் ஒரு கிண்ணம் பாலோடு இந்நூல்களைப் படுக்கைக்கு எடுத்துச் சென்று படித்தவாறே உறங்குவாராம். இதைக் குறித்து வைத்தவர் அவர் தங்கை கரோலின்.

இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், ஹெர்ஷலின் கதையைச் சொல்வோர் பலர் இவரை அண்ணனுக்குச் சோறாக்கிப் போட்டவர் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். கரோலின் 1750இல் பிறந்தவர். பத்து வயதில் கண்ட விஷக் காய்ச்சலால் வளர்ச்சி நின்றது. உயரம் நாலேகால் அடிதான். இவளுக்குத் திருமணம் நடவாது, வீட்டு வேலைக்கே இருக்கட்டும் என்று குடும்பத்தார் முடிவு செய்துவிட்டனர். பெண்ணுக்குப் படிப்பு வேண்டாமென்பது தாயாரின் உறுதி. 1772இல் ஹெர்ஷல் ஹானோவருக்குச் சென்று தங்கையைத் தம்முடன் அழைத்து வந்தார். வீட்டு வேலை நின்றுவிடுமே என்று தாயார் தடுத்தபோது, வேறு ஆள் வைத்துக்கொள்ளப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்து அழைத்து வந்தார் என்பது வரலாறு. பாத் நகரில் அண்ணனிடம் ஆங்கிலம், கணக்கு, வாய்ப்பாட்டு ஆகிய மூன்றையும் அவர் கற்றார். சில ஆண்டுகளில் ஹேண்டலின் இசைநாடகங்களில் தனித்துப் பாடும் நிலைக்கு உயர்ந்தார். வெளியூரிலிருந்து பாட அழைப்பும் வந்தது. அண்ணன் நடத்தும் மேடையன்றிப் பிறிதொரு மேடையில் பாடேன் என்று மறுத்துவிட்டார்.

தொலைநோக்கிக்கு வருவோம். சிறு கருவி ஒன்றை ஹெர்ஷல் வாடகைக்கு எடுத்துப் பார்த்தார், ஆசை வளர்ந்தது. பெரிய ஆடிக்கு விலை கேட்டார், கட்டுப்படியாகவில்லை. தாமே செய்வதெனத் துணிந்தார். அவ்வூரில் ஆடி மெருகிடும் வேலையைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து கருவிகளை விலைக்கு வாங்கினார்.

அக்காலத்துத் தொலைநோக்கியின் குழியாடி கண்ணாடியால் ஆனதன்று, உலோகத்தால் ஆனது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பது. ஈயம் குறைந்தால் வெண்கலம். மூன்றில் ஒரு பங்களவு ஈயம் சேர்ந்தால் வெள்ளியைப் போல் வெளுத்து, முகம் காட்டும் உலோகமாகிவிடும். மலையாள நாட்டு ஆறன்முளைக் கண்ணாடியைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர், அதுவும் இவ்வினத்ததே. ஆனால் இந்த உலோகம் மிகவும் முரடு. வார்க்கும்போதே வெடிக்கும்; தட்டினால் உடையும். வார்த்த வட்டைத் தேய்த்துக் குழிவாக்கி, பிறகு கீல் பூசிய அச்சின்மேல் வைத்து மெருகிட வேண்டும். குழிவு மயிரிழையினும் நுண்ணிய அளவில் பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது. வால் முளைத்துத் தெரியும். மெருகின் இறுதிக் கட்டத்தில் கையை எடுக்கலாகாது. எடுத்தால் வடிவம் கெடும் என்பது ஹெர்ஷலின் கொள்கை. ஒருமுறை 16 மணி நேரம் கை எடாமல் மெருகிட்டார். பசித்தபோது கரோலின் உணவைச் சிறுசிறு துண்டாக்கி அண்ணன் வாயில் ஊட்டினார். அலுப்புத் தோன்றாதிருக்க அராபிய இரவுக் கதைகளையும் டான் குயிக்ஸோட் கதையையும் பக்கத்திலிருந்து படித்தார்.

வீடு வீடாக இல்லை. வரவேற்பு அறையில் தச்சன் குழாயும் தாங்கியும் செய்துகொண்டிருந்தான். படுக்கை அறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் இயந்திரத்தை நிறுவியிருந்தார். ஒவ்வோர் அறையாகப் பட்டறையாவதைக் கண்டு கரோலின் வருந்தினார் என்று அவர் குறிப்புகளால் அறிகின்றோம். வருந்தினாரேயன்றித் தடுத்தாரில்லை. அவ்வருத்தத்தையும் எழுதி வைத்தாரே, அதற்காக அவரை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

1777இல் அவர்கள் நியூ கிங் தெருவிலுள்ள 19ஆம் எண் வீட்டிற்குக் குடிவந்தனர். அகலம் குறைந்து உயரம் மிகுந்த வீடு. பின்புறம் தெற்கு நோக்கிய தோட்டம். இடையில் இரண்டோர் ஆண்டுகள் ரிவர்ஸ் தெருவில் வசித்தனர். அங்கே தோட்டமில்லை. ஆகவே ஹெர்ஷல் தொலைநோக்கியை வீதியிலேயே நிறுத்திச் சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1779 டிசம்பரில் அவ்வழியே வந்த வில்லியம் வாட்சன் என்னும் மருத்துவர், தாமும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தார், வியந்தார், மறுநாளே வீடு தேடி வந்து நன்றி கூறினார். வாட்சன் இலண்டன் ராயல் சொசைட்டியைச் சேர்ந்தவர். தெருவிலே நின்ற பாட்டு வாத்தியாருக்கு அறிஞர் அவையின் கதவு இவ்வாறு திறந்தது. 1781 மார்ச்சில் குடும்பம் மீண்டும் நியூ கிங் தெருவுக்கே திரும்பியது. கிரகம் அகப்பட்டது அந்த மாதத்திலேதான்.

ஹெர்ஷல் கிரகம் ஒன்றைத் தேடவில்லை. நட்சத்திரங்களின் தூரத்தை அளக்க வழி தேடினார். மூக்கின் முன்னே விரலை நீட்டி ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் பார்த்தால், தொலைவிலுள்ள சுவரின்மேல் விரல் இடம் மாறுவது போல் தோன்றும். அதுபோல், பூமி தன் சுற்றில் ஆறு மாதம் நகர்ந்தபின் நோக்கினால், அண்மையிலுள்ள நட்சத்திரம் சேய்மையிலுள்ளதன் பக்கத்தில் இம்மியளவு இடம் மாறித் தோன்ற வேண்டும். இது கலிலியோ சொல்லிச் சென்ற வழி. இதற்கு அடுத்தடுத்துத் தோன்றும் இரட்டை நட்சத்திரங்கள் வேண்டும். அவற்றைத் திரட்டுவதற்காக, கண்ணுக்குப் புலப்படும் நட்சத்திரங்களையும் அவற்றினும் மங்கியவற்றையும் ஒன்று விடாமல் வரிசையாகப் பார்த்துப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டார். முதல் வரிசை முடிந்து, மேலும் சிறந்த கருவியால் இரண்டாம் வரிசை நடந்துகொண்டிருந்தது. அக்கருவி 7 அடி நீளம். அதன் ஆடி 6 அங்குலத்திற்குச் சற்று மேல். அவர் கையாலேயே வார்த்துத் தேய்த்தது.

1781 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. இரவு 10 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட நேரம். மிதுன ராசியில் இரட்டையருள் ஒருவரின் பாதத்தருகே, ரிஷபத்தின் கொம்பு நுனிக்குச் சிறிது தொலைவில், அன்றைய முறைப்படி பார்க்க வேண்டிய மங்கிய நட்சத்திரங்கள் சில இருந்தன. அவற்றுள் ஒன்று மற்றவற்றினும் பருத்துத் தோன்றியது. அப்போது 227 மடங்கு பெருக்கும் வில்லையை வைத்திருந்தார். நட்சத்திரம் எத்துணை பெருக்கினும் புள்ளியாகவே நிற்கும்; அண்மையிலுள்ள கோளோ பெருக்கப் பெருக்க வட்டமாக விரியும். 460 மடங்கு வில்லையை மாற்றினார். 932 மடங்கையும் வைத்துப் பார்த்தார். பக்கத்து நட்சத்திரங்கள் கூராகவே நின்றன. இது மட்டும் பருத்து, விளிம்பு மங்கியது. வால்மீனாக இருக்கலாம் என்று குறித்து வைத்தார். நான்கு நாள் கழித்து 17ஆம் நாள் மீண்டும் தேடினார். அது இடம் மாறியிருந்தது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சி நடந்த 13ஆம் நாள் இரவில் கரோலின் அருகில் இல்லை. பழைய வீட்டைக் காலி செய்யும் வேலையில் இருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனி மொட்டை மாடியில் கல்லூரி மாணவர் ஒருவர் சிறு தொலைநோக்கியால் இக்கிரகத்தைக் காட்டினார். நீலமும் பச்சையும் கலந்த, மிளகினும் சிறிய ஒரு பொட்டு. சனியின் வளையத்தையும் வியாழனின் பட்டைகளையும் கண்டு கூச்சலிட்ட பிள்ளைகள், இதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மாமா?" என்றனர். இவ்வளவுதான். ஆயிரம் பொட்டுகளுக்கிடையே இவ்வொரு பொட்டு வேறுபட்டது என்று உணர, தான் செய்த ஆடியின் குணம் தனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஓசையில் சிறு பிசகையும் உணரும் பாடகரின் காது எவ்வாறு பழகுகின்றதோ, அவ்வாறே தம் கண்ணும் பழகியதென்று ஹெர்ஷலே கருதினார்.

செய்தி கிரீனிச்சிலிருந்த அரசாங்க வானநூலார் நெவில் மாஸ்கிலினுக்கு எட்டியது. அவரிடமிருந்த கருவிகளில் அது நட்சத்திரத்தினின்று வேறாகத் தோன்றவில்லை. அசைவைக் கொண்டே கண்டுகொண்டார். வாலும் இல்லை, புகைப்படலமும் இல்லை. இது கிரகமாகவே இருக்கலாம் என்று முதலில் ஐயுற்றவர்களுள் அவர் ஒருவர். ஏப்ரல் 26இல் ராயல் சொசைட்டியில் ஹெர்ஷலின் கட்டுரை படிக்கப்பட்டபோதும் தலைப்பில் வால்மீன் என்றே இருந்தது. ரஷ்ய நாட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த லெக்ஸல் என்பவர் பாதையைக் கணக்கிட்டார். அது சூரியனைச் சுற்றி வட்டம் போன்ற பாதையில், பூமியின் தூரத்தைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு தூரத்தில் செல்வது தெரிந்தது. சனியின் தூரம் ஒன்பதரை மடங்கே. ஆகவே, அவ்வொரு பொட்டினால் சூரிய மண்டலத்தின் எல்லை இருமடங்காயிற்று.

பொறாமையும் பின்தொடர்ந்தது. ஏதோ தற்செயலாக, குருட்டு அதிருஷ்டத்தால் கிடைத்தது என்றனர் சிலர். இதற்கு ஹெர்ஷல் கூறிய விடையின் கருத்து எனக்கு மிகவும் உவப்பானது. தாம் ஒவ்வொரு நட்சத்திரமாக முறைப்படி பார்த்து வந்ததாகவும், அன்றிரவு அதன் முறை வந்ததாகவும், அன்று வேறு வேலை குறுக்கிட்டிருந்தால் மறுநாள் இரவு கண்டிருப்பதாகவும் அவர் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு அலுவலகத்தில் பேரேட்டுப் பதிவுகளை வரி விடாமல் ஒத்துப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விடையில் தற்பெருமை சிறிதும் தோன்றவில்லை. வரி விடாமல் பார்ப்பவன் கண்ணில், தவறிய மூட்டை என்றேனும் ஒருநாள் பட்டே தீரும்.

இனி, இக்கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்றுண்டு. ஹெர்ஷலுக்கு முன்பே இக்கிரகம் பலர் கண்ணிற் பட்டிருந்தது! கண்ணிற் பட்டது மட்டுமன்று, பேரேட்டிலும் ஏறியிருந்தது. கிரீனிச்சின் முதல் அரசாங்க வானநூலார் பிளாம்ஸ்டீட் 1690 டிசம்பரில் அதைக் கண்டு, ரிஷபத்தின் 34ஆம் நட்சத்திரம் என்று எண்ணிட்டார். அவர்க்குப் பின் வந்த பிராட்லியும் குறித்திருந்தார். கோட்டிங்கனில் டோபியாஸ் மேயர் 1756இல் குறித்திருந்தார். பாரிஸ் நகரத்து லெமோனியே 1750க்கும் 1771க்கும் இடையில் ஏறத்தாழ 12 முறை கண்டார். 1769 ஜனவரியில் மட்டும், சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் கண்டு எழுதினார். ஒருநாள் பதிவை மறுநாள் பதிவோடு ஒத்துப் பார்த்திருந்தால், கிரகம் அவருடையதாகியிருக்கும்.

இவர்களை எள்ளி நகையாடுவது எளிது, அது நியாயமாகாது. இவர்களுடைய பணி ஒவ்வொரு நட்சத்திரமும் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் உயரத்தையும் அளப்பது. கடலோடிகளுக்கு அவ்வளவே தேவை. உருவத்தை நோக்க அவர்தம் கருவிகள் அமைக்கப்படவில்லை. லெமோனியே கண்டபோது கிரகம் தன் பாதையில் நின்றாற்போல் தோன்றும் இடத்தில் இருந்தது. நகர்வு மிகச் சிறிது. தமக்கு இட்ட பணியை அவர்கள் செவ்வனே செய்தனர்.

அப்பதிவுகள் வீண் போகவும் இல்லை. 84 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றும் கிரகத்தின் பாதையைச் சில ஆண்டுப் பார்வையால் மட்டும் துல்லியமாகக் கணக்கிட முடியாது. பழைய ஏடுகளைப் புரட்டி, அங்கங்கே நட்சத்திரம் என்று எழுதப்பட்டிருந்த இடங்களைக் கண்டெடுத்தபோது, ஒரு முழுச் சுற்றுக்கும் மேற்பட்ட காலத்திற்குச் சான்று கிடைத்துவிட்டது. 1821இல் பாரிஸில் பூவார் என்னும் கணக்கர் கிரகத்தின் இயக்க அட்டவணையை வெளியிட்டார். பழைய பதிவுகளும் புதிய பதிவுகளும் ஒரே கணக்கில் அடங்கவில்லை. பழையவை பிழையோ, அன்றி அறியப்படாத ஓர் ஈர்ப்பு உளதோ, பின்னோர் தீர்க்கட்டும் என்று கூறிப் பழையவற்றைத் தள்ளிவிட்டுப் புதியவற்றையே கொண்டு கணக்கிட்டார். சில ஆண்டுகளில் அக்கணக்கும் பிசகியது. பிசகின் காரணம் அப்பாலுள்ள இன்னொரு கிரகத்தின் இழுப்பு என்று பிரெஞ்சு நாட்டு லெவெரியே கணக்கிட்டு இடம் குறித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே அவ்விடத்திற்கு அருகிலேயே நெப்டியூனைக் கண்டார். கையெழுத்திட்ட பழைய கணக்கைத் தள்ளுமுன் நூறு முறை எண்ண வேண்டும் என்று எங்கள் அலுவலகத்து மூத்த தலைமை எழுத்தர் ஒருவர் சொல்வார். அவர் பூவாரை அறியார்.

ஹெர்ஷலுக்கு என்ன கிடைத்தது? 1781 நவம்பரில் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம். அடுத்த மாதம் அதன் உறுப்பினர் பதவி. 1782இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அழைத்தார். தொலைநோக்கியைக் கிரீனிச்சுக்கு எடுத்துச் சென்று அரசாங்கக் கருவிகளோடு ஒப்பிட்டபோது, புழக்கடைக் கருவியே விஞ்சியது. மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் அளித்தார். அது பாத் நகரில் சங்கீதத்தால் ஈட்டியதைவிடக் குறைவு. ஆயினும் ஏற்றுக்கொண்டார். குறையை ஈடு செய்யத் தொலைநோக்கிகள் செய்து விற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் வின்ட்சர் அரண்மனைக்கு அருகிலுள்ள டாட்செட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

பாத் வீட்டை விட்டு நீங்குமுன் நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1781 ஆகஸ்டில் 3 அடி அகல ஆடி ஒன்றை அவ்வீட்டின் கீழ்த்தளத்திலேயே வார்க்க முனைந்தார். அச்சுக்குக் களிமண்ணோடு குதிரை இலத்தியைக் கலந்தனர். அதை உரலில் இடித்துச் சலிக்கும் வேலை பெரும்பாலும் கரோலினுடையது. வார்ப்பின்போது உருகிய உலோகம் கசிந்து கல்தளத்தில் ஓடியது. கற்கள் வெடித்து மேற்கூரை வரை சிதறின. ஹெர்ஷலும் ஆட்களும் புறக்கதவு வழியே ஓடித் தப்பினர். அவ்வீடு 1981 முதல் காட்சிசாலையாக உள்ளது. வெடித்த தளக்கற்களை அங்கே இன்றும் காணலாம்.

அண்ணன் சங்கீதத்தை விட்டபோது கரோலினின் பாட்டும் நின்றது. அவர் கேட்டுப் பெற்ற மாற்றமன்று இது. டாட்செட்டில் இரவு முழுதும் அண்ணன் தொலைநோக்கியில் நோக்கிச் சொல்லச் சொல்ல, தங்கை எழுதுவார். பகலில் அவற்றைக் கணக்கிட்டுப் படியெடுப்பார். 1783 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, தரையைப் பனி மூடியிருந்தது. ஓடிச் சென்ற கரோலின் வழுக்கி, கருவியின் இரும்புக் கொக்கியில் விழுந்தார். முழங்காலுக்கு மேலே சதை பெயர்ந்தது. தமக்கு நேர்ந்ததைவிட, அன்று வானம் பின்னர் மூடிக்கொண்டதால் அண்ணனுக்கு நட்டமில்லை என்பதில் ஆறுதல் கொண்டார் அவ்வம்மையார். இதைப் படிக்கும்போது எனக்குப் பெருமிதம் ஒருபுறமும் சினம் ஒருபுறமும் எழுகின்றன. 1786 ஆகஸ்ட் 1ஆம் நாள் தாமே ஒரு வால்மீனைக் கண்டார். 1797 வரை மொத்தம் எட்டு. 1787 முதல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்தார். தம் வாழ்நாளில் தமக்கென்று செலவிட உரிமையோடு பெற்ற முதற் பணம் அதுவே என்று அவர் கருதினார். அப்போது அவருக்கு வயது 37. தமையனார் மறைந்தபின் ஹானோவருக்குத் திரும்பி, 1848இல் 97 வயது நிறைந்த நிலையில் காலமானார்.

கிரகத்திற்குப் பெயர் வைப்பதில் பெரும் பூசல். ஹெர்ஷல் மன்னர் பெயரால் ஜார்ஜ் நட்சத்திரம் என்றார். பிரெஞ்சுக்காரர் ஹெர்ஷல் என்றே வழங்கினர். பெர்லினிலிருந்த போடே, புராண வழியில் வியாழனுக்குத் தந்தை சனி, சனிக்குத் தந்தை யுரேனஸ், ஆகவே அதுவே தகும் என்றார். அதுவே நிலைத்தது. எனினும் இங்கிலாந்தின் கடலோடிப் பஞ்சாங்கம் 1850 வரை மன்னர் பெயரை விடவில்லை. 1789இல் கிளாப்ரோத் என்பவர் புதிய தனிமம் ஒன்றைக் கண்டு, அக்கிரகத்தின் பெயரால் யுரேனியம் என்று பெயரிட்டார். கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் பற்றிப் பேசும்போது நாம் உச்சரிக்கும் சொல்லின் வேர் பாத் நகரத்துப் புழக்கடையில் உள்ளது.

நம் தமிழ்நாட்டிற்கும் இக்கிரகத்தோடு நேரான தொடர்பு ஒன்றுண்டு. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு மங்கிய நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. அமெரிக்க அறிஞர்கள் விமானத்தில் தொலைநோக்கியைப் பொருத்தி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்து கவனித்தனர். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வுக் கூடத்தில் பட்டாச்சார்யா, குப்புசாமி ஆகிய இருவரும் 1 மீட்டர் தொலைநோக்கியால் கவனித்தனர். இங்கே அப்போது நள்ளிரவு கடந்துவிட்டது. கிரகம் மறைக்குமுன்னரே நட்சத்திர ஒளி சற்று மங்கி மீண்டது. அறியப்படாத துணைக்கோள் ஒன்று குறுக்கே சென்றது போலும் என்று காவலூரார் கருதினர். விமானத்தில் பதிந்ததோ, கிரகத்தின் இருபுறமும் ஒத்த இடங்களில் ஒளி பலமுறை மங்கியதைக் காட்டிற்று. யுரேனஸுக்கும் சனியைப் போல் வளையங்கள் உண்டென்பது அவ்வாறு வெளிப்பட்டது. 1986 ஜனவரி 24இல் வாயேஜர்-2 விண்கலம் அருகிற் சென்று படமெடுத்தது. அதன்பின் எந்தக் கலமும் அங்குச் சென்றதில்லை.

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலம் 83 ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும். யுரேனஸின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழச் சமம். 1781இல் மிதுனத்தின் வாயிலில் நின்ற அக்கிரகம், 1865இலும் 1949இலும் அவ்விடத்திற்கு மீண்டு வந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் கார்த்திகைக் கூட்டத்திற்குத் தெற்கே சில பாகை தள்ளி நின்றது. 2033இல் மூன்றாம் முறையாக ஹெர்ஷல் கண்ட இடத்தை அடையும். நகர விளக்குகள் எட்டாத இடத்தில், நிலவில்லாத இரவில், கூரிய கண்ணுடையார் கருவியின்றியே அதைக் காணலாம். இரட்டைக் குழல் தொலைநோக்கி இருப்பின் ஐயமின்றிக் காணலாம். நம் காலனியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமுள்ள மைதானமே இதற்கு ஏற்ற இடம். அங்கே இன்னும் தெருவிளக்கு வரவில்லை.